மலைக்கிராமத் தாய்மார்களுக்கும் நோயாளிகளுக்கும் கைபேசி வழி மருத்துவச் சேவை முறையாகக் கிடைக்க வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் மற்றும் மலைக்கிராமப் பொதுமக்கள்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மலைக்கிராமங்களில் கைபேசிச் செயலி, குறுஞ்செய்தி, ஓடிபி ஆகியவற்றை நம்பி நடக்கும் மருத்துவச் சேவையில் உள்ள இடையூறுகளை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 1990-இல் பணியில் சேர்ந்து 2022-இல் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்த மலை மேல் உள்ள ஒரே துணை சுகாதார நிலையத்தில்தான் கழித்தேன். ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே குடியிருக்கிறேன். ஊரார் இன்னும் என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் என் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். அதனால் இந்த மனுவை எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

கைபேசி வேண்டாம், பழைய பேரேடே போதும் என்று கேட்க நாங்கள் வரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வலி கண்ட பெண்ணை மூங்கிலில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அடிவாரம் சேர்வதற்குள் வழியிலேயே பிள்ளை பிறந்ததை இரண்டு முறை என் கையால் பார்த்திருக்கிறேன். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தபோது அதன் அருமை எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு ஒரு மாதத்துச் சர்க்கரை மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்தவர்களுக்கு இன்று மாத்திரை வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. இந்த நன்மைகளையெல்லாம் அனுபவித்தவர்கள் என்ற உரிமையில்தான் குறைகளையும் சொல்கிறோம்.

குறை கைபேசி எண்ணிலிருந்து தொடங்குகிறது.

கர்ப்பத்தைப் பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் (தாய் சேய் நலப் பதிவு எண்) பெற வேண்டுமானால் ஒரு கைபேசி எண் தர வேண்டும். பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த ஆர்.சி.எச். எண்தான் ஆதாரம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாய்க்கும் அதுதான் ஆதாரம். அதில் ரொக்கமாக வரும் 14,000 ரூபாய் எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல. ஆனால் பதிவில் இருக்கும் கைபேசி எண் யாருடையது? சென்ற மாதம் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பெரும்பாலான பெண்கள் தந்திருப்பது கணவரின் எண். சிலர் மளிகைக் கடைக்காரரின் எண்ணைத் தந்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் அட்டையில் இருந்த எண்ணுக்கு நானே சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று அழைத்தேன். ஓசூரிலிருந்து யாரோ ஒருவர் எடுத்து, "எங்க வீட்ல யாரும் கர்ப்பமா இல்லீங்க" என்றார். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குப் போய்விடலாம். அந்த ஓசூர்க்காரருக்குத்தான் இரும்புச்சத்து மாத்திரை நினைவூட்டல் இத்தனை நாளும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இதைச் சிரித்துவிட்டு நகர முடியவில்லை. அதே வாரத்தில் தெரியவந்த இன்னொன்று அப்படி.

ஏழாவது மாதத்தில் ஒரு பெண். கணவர் குடகுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார். வீட்டிலிருந்த ஒரே கைபேசியும் அவரோடு போயிருந்தது. அடிவாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு குறுஞ்செய்தியில் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் 6.8 கிராம். ஏழுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை, மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும் என்பதைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செய்தி ஆங்கிலத்தில் குடகுக்குப் போனது. அவர் அதை ஏதோ ரீசார்ஜ் விளம்பரம் என்று நினைத்துக்கொண்டார். பதினொரு நாள் கழித்துக் கால் வீங்கி, இரண்டடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று அந்தப் பெண் என் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. அன்றே ஜீப் பிடித்து இறக்கினோம். ரத்தம் ஏற்றினார்கள், பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது.

என் காலத்துப் பேரேட்டில் இப்படிப்பட்ட தாயின் பெயரைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து வைப்போம். மறுநாள் காலை முதல் வேலை அந்த வீட்டுக்குப் போவதுதான். இன்று அந்தச் சிவப்புச் சுழி கணினித் திரையில் எங்கோ விழுந்திருக்கும். அதைப் பார்த்து நடந்து போக வேண்டிய செவிலியருக்கு யாரும் சொல்லவில்லை. செய்தி அனுப்பப்பட்டுவிட்டதால் வேலை முடிந்துவிட்டதாகக் கணக்கு.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கோரிக்கை இதுதான்: அபாயக் குறி உள்ள எந்தப் பரிசோதனை முடிவும் குறுஞ்செய்தி அனுப்பியதோடு முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. அந்தப் பகுதிச் செவிலியருக்கு நேரடியாக அழைப்பு போக வேண்டும். அவர் தாயை நேரில் பார்த்துவிட்டேன் என்று பதிந்த பிறகே கணக்கை மூட வேண்டும். கர்ப்பிணியிடம் எண் வாங்கும்போது "இது உங்கள் கையில் இருக்கும் கைபேசியா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அந்தத் தாய்க்குக் குறுஞ்செய்தியை நம்பாமல் ஆளை அனுப்ப வேண்டும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் நாட்டில் ஏறக்குறைய 54 விழுக்காடுதான். தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேல் என்பது உண்மை. அந்த மேலான கணக்கில் எங்கள் மலை இல்லை. ஓடிபி வராத காரணத்தால் பதிவோ, மருந்தோ, நிதியோ நிற்கக் கூடாது. செவிலியரின் கையொப்பத்தையும் தாய் சேய் நல அட்டையையும் அதற்குப் பதிலாக ஏற்க வேண்டும்.

செய்திகளை எழுத்தில் அனுப்புவதைவிடத் தமிழில் குரலாக அனுப்புவது நல்லது. 2016 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய கில்காரி திட்டத்தில், கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகள் தாயைத் தேடி வருகின்றன. இதற்குப் பட்டன் போனே போதும். தென்னாப்பிரிக்காவில் 2014-இல் தொடங்கிய மாம்கனெக்ட் திட்டத்தில், இணையமே இல்லாத போனில் நட்சத்திரக் குறியும் எண்களும் அழுத்தியே கர்ப்பத்தைப் பதிந்தார்கள். எங்களுக்கு ஏற்றவை இந்த மாதிரியான ஏற்பாடுகள்தான். ஆண்ட்ராய்டு போன், நான்கு ஜி, ஆங்கிலம் மூன்றும் தெரிந்தால்தான் திறக்கும் செயலிகள் எங்கள் பெண்களுக்கு உதவாது.

அடுத்தது, மேலே சொன்ன பாறை. ஊருக்கு மேற்கே முக்கால் கிலோமீட்டர் ஏற்றத்தில் இருக்கிறது. எல்லோரும் சிக்னல் பாறை என்றே சொல்கிறார்கள். அதன் பழைய பெயர் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் பெண் சுகாதாரத் தன்னார்வலர் காலையில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார். செயலி அந்த இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்பதால், 150/90, 138/84 என்று எண்களைக் கையிலும் நாள்காட்டித் தாளின் பின்புறத்திலும் எழுதிக்கொள்கிறார். சாயங்காலம் ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டுப் பாறைக்கு ஏறி ஒவ்வொன்றாக ஏற்றுகிறார். மழை நாளில் உள்ளங்கை மை கரைந்துவிடும். அப்போது அவர் நினைவிலிருந்து எழுதுகிறாரா, அனுமானத்தில் எழுதுகிறாரா என்று நான் கேட்பதில்லை. கேட்க மனம் வரவில்லை. சிறுத்தை நடமாட்டம் உள்ள காடு, ஐயா. ஒரு பெண் இருட்டில் அங்கே உட்கார்ந்து தரவு ஏற்றுவதற்கு ஊக்கத்தொகையில் எந்தப் பத்தியும் இல்லை. ரீசார்ஜும் அவர் கைக்காசு.

களப்பணியாளர் பயன்படுத்தும் எல்லாச் செயலிகளும் சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவை வாங்கி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் தானே அனுப்பும்படி இருக்க வேண்டும். பதிந்த நேரமும் ஏற்றிய நேரமும் வேறு வேறாக இருந்தால் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பக் கூடாது. ரீசார்ஜ் தொகையை அரசே தர வேண்டும். ஒரே தகவலை மூன்று செயலியிலும் இரண்டு பேரேட்டிலும் எழுதச் சொல்வதை நிறுத்தினால் செவிலியருக்கு நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

கைபேசிக் கோபுரம் எப்போது வரும் என்று கேட்காத கிராமசபை இல்லை. தொடர்பே இல்லாத 24,680 கிராமங்களுக்கு நான்கு ஜி கொண்டுவர 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எங்கள் குக்கிராமங்கள் அந்தப் பட்டியலில் உள்ளனவா என்று துறையின் மூலம் கேட்டுச் சொல்ல வேண்டுகிறோம். அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டது. துணை சுகாதார நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம். தேனிப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, தொலைதூர வைஃபை ஆண்டெனாக்கள் வழியே கிராமக் கண் பரிசோதனை மையங்களைத் தலைமை மருத்துவமனையோடு இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருந்த நோயாளியை நகரத்து மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். 2000-களின் நடுவில் நடந்த காரியம் இது. இன்று முடியாது என்று எங்களிடம் சொன்னால் எப்படி நம்புவது?

108 பற்றி ஒரு பத்தி எழுத அனுமதியுங்கள். அழைக்க வேண்டுமானால் ஒருவர் பாறைக்கு ஓட வேண்டும். அழைத்துவிட்டு அவர் நோயாளியிடம் திரும்பி வந்துவிடுவார். ஓட்டுநர் வழி கேட்டுத் திருப்பி அழைக்கும்போது "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற குரல்தான் கேட்கும். இரண்டு சாலை பிரியும் இடத்தில் வண்டி திகைத்து நின்ற இரவுகள் உண்டு. அதில் ஓட்டுநரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. எங்கள் குக்கிராமங்களின் பெயர், பிரிவுச் சாலை, ரேஷன் கடை, மின்கம்ப எண் ஆகியவற்றை ஒருமுறை நேரில் குறித்து அழைப்பு மையத்தின் கணினியில் ஏற்றிவிட்டால், ஊர்ப்பெயரைச் சொன்னதுமே வண்டி கிளம்பிவிடலாம். ரேஷன் கடையிலோ துணை சுகாதார நிலையத்திலோ இரவிலும் இயங்கும் ஒரு நிலையான தொலைபேசி கிடைத்தால் பாறைக்கு ஓடும் வேலையும் மிச்சம். மழைக்காலத்தில் பாதை அறுபடும் என்பதால், நாள் நெருங்கிய தாய்மார்களை அடிவாரத்தில் உள்ள பிறப்புக் காத்திருப்பு அறைக்கு முன்கூட்டியே அழைத்துப் போகவும் ஏற்பாடு வேண்டும்.

மருத்துவரோடு காணொளியில் பேசும் இ-சஞ்சீவனி நல்ல ஏற்பாடு. ஆனால் இங்கே படம் உறைந்து, குரல் அறுந்து, நோயாளி பெஞ்சில் தூங்கிவிடுகிறார். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் காணொளியை மட்டும் சொல்லவில்லை. குரல் அழைப்பையும் ஏற்கின்றன. எந்த மருந்தை எந்த முறையில் பார்த்து எழுதலாம் என்றும் அவை வகுத்திருக்கின்றன. எனவே வட்டார மருத்துவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள், சொன்ன நேரத்தில், செவிலியர் பக்கத்தில் இருக்க, குரல் அழைப்பிலேயே பழைய சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளைக் கேட்டு மருந்தைக் கூட்டிக் குறைக்கும்படி ஆணையிட வேண்டும். புது நோயாளியையும் நெஞ்சுவலிக்காரரையும் போனில் பார்க்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு வண்டிதான் வேண்டும்.

கடைசியாக, மனதை உறுத்தும் ஒரு விஷயம். மருந்து கொடுத்ததற்குச் சாட்சியாக, நோயாளியை மாத்திரை டப்பாவோடு நிற்கவைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் வந்திருக்கிறது. காசநோய்க்காரர் படமும் அதில் போகிறது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று படம் எடுப்பவருக்கே தெரியாது. நாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில் ஒரு நோயாளியின் நோயை அவருடைய மாமியாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுத்தார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. இந்தப் படங்களை உடனே நிறுத்தும்படி சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

இந்த மனுவில் 14 வயது மாணவி முதல் 80 வயது மூதாட்டி வரை ஒப்பமிட்டிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்திருக்கிறார்கள். மனு ஏற்கப்பட்டதற்கான எண்ணையும் நடவடிக்கை விவரத்தையும் குறுஞ்செய்தியில் அனுப்பாமல், துணை சுகாதார நிலைய முகவரிக்குத் தபாலில் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தபால்காரர் செவ்வாயும் வெள்ளியும் மலையேறுகிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்
மற்றும் மலைக்கிராமப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், கைபேசி எண் தவறாக உள்ள தாய்மார்களின் விவரம் (மூடிய உறையில், தங்கள் பார்வைக்கு மட்டும்).