கூடத்தின் சாவி கேட்டு ஒரு திறந்த மடல்

வழிபாட்டு இடங்களை நடத்திவரும் பெரியவர்களுக்கு, எந்தச் சமயம் என்று பிரிக்காமல் எல்லாருக்கும்,

வணக்கம்.

போன வருடம் உங்களில் ஒருவரைப் பார்க்க நாங்கள் சிலர் வந்திருந்தோம். பல மாதச் சம்பளம் கைக்கு வராத துப்புரவுத் தொழிலாளர்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம் தேவைப்பட்டது. பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கும் உங்கள் கூடத்தை ஒரே ஒரு மாலைக்குக் கேட்டோம். "கூடம் வழிபாட்டுக்கு மட்டும்தான். உங்களுக்காக வேண்டிக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. அன்று இரவே கோபத்தில் ஒரு மடல் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது மடல்.

கூடம் எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள். அந்த நாட்களில் ஆட்களை வேலைக்குக் கொண்டுபோய்விட தேவாலயங்கள் தங்கள் பெயரிலேயே வண்டிகள் வாங்கி ஓட்டின. ஆனால் எனக்குப் பிடித்த காட்சி அதற்கும் பிறகு வருவது. பேருந்தில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, இனி ஏறி உட்கார வேண்டியதுதானே? அப்படி விடவில்லை. தேவாலயத்தில் பீடத்துக்கு முன்னால் நாற்காலிகளைப் பேருந்து இருக்கை போல வரிசையாகப் போட்டார்கள். முன்னால் ஓட்டுநருக்கு ஒரு நாற்காலி. கூட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, நீ வெள்ளைக்காரப் பயணி, நீ திட்டுகிறவன், நீ திட்டு வாங்குகிறவன் என்று வேடம் கொடுத்தார்கள். திட்டு வாங்குகிறவர் சில சமயம் வேடத்தை மறந்து பளாரென்று திருப்பிக் கொடுத்துவிடுவாராம்! அவரைத் தேற்றி, கையை ஓங்காமல் அந்த இடத்தைக் கடப்பது எப்படி என்று பேசிப் பழக்குவார்கள்.

பகைவனை நேசி என்று எத்தனையோ முறை உங்கள் வாயால் கேட்டிருக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று ஒருமுறைகூட யாரும் செய்து காட்டியதில்லை.

ஜேம்ஸ் லாசன் காட்டினார். மெதடிஸ்ட் சபையின் ஊழியராக 1953இல் நாக்பூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் தங்கி, காந்தியின் வழிமுறைகளைப் படித்துக்கொண்டு திரும்பியவர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மாணவர்களைத் தேவாலயத்தில் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்தார். ஒருவர் உட்கார்ந்திருப்பார், கூட வந்த நண்பர்களே அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். அடி விழும்போது தலையை எப்படிக் காப்பது, அடிப்பவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் இருப்பது எப்படி என்பதெல்லாம் பாடம். 1960 பிப்ரவரியில் அவர்கள் வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். மே மாதம் அந்தக் கடைகள் வழிக்கு வந்தன. இடையில், இந்தப் போராட்டத்துக்காக லாசனை அவர் படித்த இறையியல் பள்ளி வெளியேற்றியது. இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

நேசிப்பது என்றால் விட்டுக்கொடுப்பது என்று நினைப்பவர்கள் ஜான் உல்மனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு, அமெரிக்காவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். அடிமைகளை வைத்திருந்த தன் சபையாரின் வீடுகளுக்கே போய்த் தங்குவார், பொறுமையாகப் பேசுவார். கிளம்பும்போது, தனக்கு வேலை செய்த அடிமைகளுக்கு உரிய கூலியாக வெள்ளிக் காசு கொடுத்துவிடுவார். வீட்டுக்காரருக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! விருந்தாளியைத் திட்டவும் முடியாது, காசைத் திருப்பி வாங்கவும் முடியாது. உல்மன் 1772இல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்துப் பிலடெல்பியாவின் குவேக்கர் ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

இது ஏதோ ஒரு சமயத்தின் தனிச்சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். பழிக்குப் பழி என்பதே மானமாக இருந்த பஷ்தூன் மக்களிடையே 1929இல் கான் அப்துல் கஃபார் கான் குதாய் கித்மத்கார் படையைத் தொடங்கினார். 'இறைவனின் தொண்டர்கள்' என்று பொருள். ஆயுதமில்லாத படை. பழிவாங்க மாட்டேன், நாளுக்கு இரண்டு மணி நேரமாவது சமூகப் பணி செய்வேன் என்று சேருகிறவர்கள் உறுதி எடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் கூடியிருந்த மக்கள் மீது பிரிட்டிஷ் அரசின் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று அந்த அரசின் படையிலேயே இருந்த கார்வாலி வீரர்கள் மறுத்துச் சிறைக்குப் போனார்கள். கஃபார் கான் பொறுமையைத் தன் இஸ்லாமிய நம்பிக்கையிலிருந்துதான் எடுத்தார். அப்புறம் 2003இல் லைபீரியா: கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே மாதிரி வெள்ளை உடுத்தி, போர் நிற்க வேண்டும் என்று வெயிலிலும் மழையிலும் மீன் சந்தைக்கு அருகே உட்கார்ந்தார்கள். அந்த ஆகஸ்டில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

மதத்தை நம்பி இறங்கினால் வம்புதான் வரும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். முழுக்கப் பொய் என்று நான் வாதாட மாட்டேன். அடிமை முறைக்கு வேதத்தில் ஆதாரம் காட்டிய போதகர்கள் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு அங்கிருந்த டச்சுச் சீர்திருத்தச் சபை இறையியல் முட்டுக் கொடுத்தது. 1982இல் அதே மரபைச் சேர்ந்த உலகக் கூட்டமைப்பு அதை வேதப்புரட்டு என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே நம்பிக்கை இரண்டு பக்கமும் நிற்கும். எதிரில் இருப்பவனை மனிதனாகப் பார்க்கப் பழக்குகிறதா, கண்ணை மூடிக்கொள்ளப் பழக்குகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

1963இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரின் எட்டு வெள்ளையினச் சமயத் தலைவர்கள், இனப் பிரிவினைக்கு எதிராக அங்கே நடந்த போராட்டம் விவேகமற்றது, இது அதற்கான நேரமுமல்ல என்று அறிக்கை விட்டார்கள். சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் அவர்களுக்குப் பதில் எழுதினார். அந்த எட்டுப் பேரும் கொடியவர்கள் அல்ல. சில மாதங்களுக்கு முன்புதான் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பணியும்படி சொந்த மக்களுக்கே வேண்டுகோள் விடுத்திருந்தார்கள். நல்லவர்கள்தான், கலவரத்துக்குப் பயந்தவர்கள். உங்களைப் பார்க்கும்போது அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான்.

நீங்கள் மேடையேறிப் பேச வேண்டாம். ஊர்வலத்தில் முன்னால் நடக்கவும் வேண்டாம். அந்தத் தொழிலாளர்கள் சம்பளம் தர மறுத்த மனிதரை அடுத்த மாதம் நேரில் சந்திக்கப் போகிறார்கள். அவர் கத்துவார். அவர் கத்தினாலும் தாங்கள் கத்தாமல் எப்படி நிற்பது என்று அவர்கள் முன்கூட்டிப் பழக வேண்டும். வாரத்தில் ஏதாவது ஒரு மாலை போதும். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். நாற்காலிகளை நாங்களே போட்டுக்கொள்கிறோம், முடிந்ததும் எடுத்தும் வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்காரும் ஒருவர்