பாப்பாவின் வாளைப்பளம்

மதுரை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பாப்பா வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்றதும் நீ 'நாக்கை மடித்துச் சொல்' என்று அதட்ட, அவள் அழுதுகொண்டே மறுபடியும் அதையே சொன்னது என் காதிலேயே நிற்கிறது. அவள் நாக்கை மடிக்காமல் இல்லை, கயல். ளகரத்துக்கும் நாக்கு மடியத்தான் செய்கிறது. பிழை வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு மெய்யொலி இன்ன வகை என்று சொல்ல, அது வாயில் எங்கே பிறக்கிறது, காற்று எவ்வழியே வெளியேறுகிறது, குரல்நாண்கள் அதிர்கின்றனவா என்ற மூன்றையும் ஒலியியலார் பார்ப்பார்கள். (மூன்றாவதைத் தமிழ் எழுத்து கண்டுகொள்வதில்லை, 'கடல்', 'தங்கம்' இரண்டிலும் ககரம் வேறுவேறாக ஒலித்தாலும், சொல்லில் அது நிற்கும் இடமே அதைத் தீர்மானித்துவிடுகிறது.) சிறுவயதில் சளி பிடித்து நீ 'அம்மா' என்று கூப்பிட்டது 'அப்பா' போலக் கேட்டு நான் எழுந்து வந்தேனே, நினைவிருக்கிறதா? பகரத்துக்கும் மகரத்துக்கும் இதழ்கள் ஒன்றுபோலத்தான் மூடுகின்றன; மகரத்துக்குத் திறந்திருக்க வேண்டிய மூக்குவழி அன்று அடைத்திருந்தது.

பாப்பாவுக்கும் இடம் சரி, வழிதான் தவறு. ளகரத்தில் நாநுனி அண்ணத்தைத் தொட்டு நடுவழியை அடைப்பதால் காற்று நாவின் ஓரங்களில் வெளியேறும். ஆகவே அது மருங்கொலி. ழகரத்திலோ நுனி அண்ணத்தை நெருங்குமே தவிர அடைக்காது, காற்று நடுவிலேயே போகும். தொல்காப்பியர், எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலில், லகர ளகரங்களுக்கு நா விளிம்பைச் சொல்கிறார்; ழகரத்தையோ ரகரத்தோடு சேர்த்து, நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் என்கிறார். 'ல, ள, ழ' என்று மூன்றையும் ஒரே மூச்சில் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்த நான், இந்தப் பிரிவினையை வகுப்பில் ஒருநாளும் விளக்கியதில்லை.

நீ முதலில் செய்து பார். ஓசையின்றி ளகரத்துக்கு நாவை வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் நாவின் ஓரங்கள் குளிரும். ழகரத்துக்கு நடுநா குளிரும். பிறகு பாப்பாவைக் கண்ணாடி முன் உட்கார வைத்து 'அள்ள்ள்' என்று நீட்டச் சொல்லி, ஒலியை நிறுத்தாமலேயே நாநுனியை ஓர் அரிசி கனத்துக்குக் கீழே இறக்கச் சொல். அதட்டாதே, நம் பக்கத்தில் பெரியவர்களே பலர் பளம்தான் தின்கிறார்கள். வரும் ஞாயிறு அவளிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா