பாதிக் கதையோடு எங்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும், தொலைக்காட்சித் தொடர் எடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் வசிப்பவன். உங்கள் கணக்குப் புத்தகத்தில் நாங்கள் ‘வெளிநாட்டு வசூல்’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகிறோம். அந்த வரிக்குள் இருக்கும் ஒருவன்தான் இதை எழுதுகிறேன்.

2022 ஜூன் மாதத்தில் ஓர் இரவைச் சொல்கிறேன். கமல்ஹாசனின் விக்ரம் படம் வெளியாகிச் சில நாட்கள் ஆகியிருந்தன. நாட்டில் பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, மின்வெட்டு வேறு. இருந்தும் நானும் மச்சானும் படம் பார்க்கப் போனோம். காட்சி முடிந்து வெளியே வந்தபோது பஸ் இல்லை. முச்சக்கர வண்டிக்காரர் கேட்ட கூலி எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதி வழியே நடந்தோம். வீதியோரம் நெடுக வாகனங்கள் பெற்றோலுக்காக வரிசையில் நின்றன. இருக்கையைச் சாய்த்துவிட்டு உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களோ கடைசிச் சில நிமிடங்களில் வந்து அரங்கையே அதிரவைத்த ரோலக்ஸ் என்ற வில்லனைப் பற்றிச் சத்தமாக விவாதித்துக்கொண்டு போனோம். வான் ஒன்றின் கதவைத் திறந்து வைத்து, பத்திரிகைத் தாளால் நுளம்பு விரட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்களை நிறுத்தினார். “கதையைச் சொல்லிவிடாதீர்கள் தம்பி, பெற்றோல் கிடைத்ததும் நான் போய்ப் பார்க்க வேண்டும்” என்றார்.

அந்த மனிதருக்காகத்தான் இந்த மடல். அவரைப் போன்றவர்கள் வந்து உட்காரும்போது, அன்றைக்குத் தொடங்கிய கதையை அன்றைக்கே முடித்துத் தாருங்கள்.

இரண்டாம் பாகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கைதியைப் பாருங்கள். 2019 தீபாவளிக்கு வந்தது. பாட்டில்லை, கதாநாயகி இல்லை, ஏறக்குறைய ஒரே இரவில் நடக்கும் கதை. பத்து வருடம் சிறையிலிருந்த தில்லி, முகம்கூடப் பார்த்திராத மகளைப் பார்க்கப் போகிறான். விடிகிறது, பார்த்துவிடுகிறான். நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அடுத்த கதைக்கு ஒரு நுனியை நீட்டினார்கள். தாராளமாக நீட்டலாம், வயிறு நிறைந்தவனுக்கு அது பாரமில்லை. அந்தப் படத்தை என்னோடு பார்த்தபோது மச்சானின் மகன் தரம் ஆறில் படித்துக்கொண்டிருந்தான். பிறகு சாதாரண தரப் பரீட்சையே எழுதிவிட்டான். தில்லியின் அடுத்த இரவுக்காக அவன் இன்னும் காத்திருக்கிறான், ஆனால் ஒருநாளும் குறைசொன்னதில்லை. முதல் படம் அவனை ஏமாற்றவில்லை அல்லவா?

2025இல் வந்த வீர தீர சூரனுக்கு ‘பாகம் 2’ என்றே பெயர். பாகம் ஒன்று வராமலேயே இரண்டு வந்தது. அதற்கும் நான் கோபப்படவில்லை. பெரும்பாலும் ஒரே இரவுக் கதை, அந்த இரவு முடிந்த பிறகுதான் எங்களை எழுப்பி அனுப்பினார்கள். எண் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

பொன்னியின் செல்வனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது படத்துக்கு முன்பே இருந்தது. அம்மம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துத் தைத்துக் கட்டிய ஐந்து கட்டுகள். மணியம் வரைந்த படங்கள் பழுத்துப்போய், ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கும். கல்கி 1950 முதல் 1954 வரை, மூன்றரை ஆண்டுகள் அந்தக் கதையை வாராவாரம் எழுதினார். முடிந்தபோது, பல பாத்திரங்களின் கதி தெரியவில்லையே என்று வாசகர்கள் குறைபட்டார்கள். அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, யார் யாருக்குப் பிற்காலத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுத்தான் விடைபெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். வாசகனிடம் பட்ட கடனை அவர் பாக்கி வைத்துவிட்டுப் போகவில்லை.

மணிரத்னம் அந்தப் பெருங்கதையை இரண்டாகப் பிரித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் இரண்டு பாகங்களையும் சேர்த்தே படமாக்கினார். 2022 செப்டம்பர் 30இல் முதல் பாகம், 2023 ஏப்ரல் 28இல் இரண்டாவது. ஏழே மாதம். அருள்மொழிவர்மனும் வந்தியத்தேவனும் எங்கள் கடலில் புயலில் சிக்கியதோடு முதல் பாகம் நின்றபோது, கொழும்பு அரங்கில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. தொடர்ச்சி வரும் என்ற நம்பிக்கை இருந்தது. இரண்டாம் பாகத்தில், கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் நந்தினியின் எதிரே வந்து நிற்கும் காட்சி. என் பக்கத்து இருக்கையில் ஒரு மாமி கச்சான் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். விரல் பாதியில் நின்றுவிட்டது. காட்சி முடியும்வரை அந்தத் தாள் சரசரக்கவில்லை. கதை தெரிந்தவர்தான் அவர், இடைவேளையில் என்னிடம் வரிவரியாகச் சொன்னவர். முடிவு தெரிந்த ஒருவரின் விரலையே நிறுத்தி வைக்க முடிகிறது உங்களால். பிறகு ஏன் முடிவை ஒளித்து வைத்தால்தான் நாங்கள் திரும்பி வருவோம் என்று நினைக்கிறீர்கள்?

இந்தியன் 2 எனக்கு வலித்தது. 1996இல் வந்த முதல் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. சேனாபதியின் கத்திக்குப் பின்னால் ஒரு தகப்பனின் காயம் இருந்தது. லஞ்சம் கொடுக்க மறுத்ததால் மகள் கஸ்தூரி தீக்காயத்தோடு உயிர்விட்டாள். லஞ்சம் வாங்கிய மகனைத் தன் கையாலேயே கொன்றார். அந்த இரண்டு சாவும் இருந்ததால்தான் வர்மக்கலை வெறும் வித்தையாகத் தெரியவில்லை. 28 வருடம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, அப்படியொரு காயம் அவருக்கும் கொடுக்கப்படவில்லை, எங்களுக்கும் இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் சனம் எழுந்துவிட்டது. அப்போது மூன்றாம் பாகத்தின் காட்சிகள் திரையில் வந்தன. வாசல்வரை போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சில நிமிடங்களில் இருந்த உயிர் அதற்கு முந்திய மூன்று மணி நேரத்தில் இல்லை என்பது என் கருத்து. நல்ல கறியை நாளைக்கு என்று மூடி வைத்துவிட்டு, விருந்தாளிக்கு இன்று வெறுஞ்சோறு போட்டால் அவன் நாளைக்கு எப்படி வருவான்?

லியோவில் வேறு விதமாக நடந்தது. ‘இவன் பார்த்திபனா, லியோவா’ என்பதுதான் படம் முழுக்க எங்களைப் பிடித்து வைத்த கேள்வி. இறுதிச் சண்டையில் அதற்கு விடை கிடைக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் மனத்தில் வைத்திருக்க விட்டிருக்கலாம். ஆனால் உடனே தொலைபேசி வருகிறது, விக்ரம் படத்தில் கமல் நடித்த அந்த விக்ரமின் குரல் கேட்கிறது, அரங்கில் விசில் பறக்கிறது. நானும் கத்தினேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த விசில் இன்னொரு படத்துக்கு விழுந்தது. விஜய் அந்தப் படத்தில் உழைத்த உழைப்புக்கு அது நியாயமில்லை.

வெளிநாட்டுத் தொடர்களைப் பற்றி மச்சானின் பிள்ளைகள்தான் அதிகம் பேசுவார்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸின் கடைசிப் பருவத்தை ஆறே அத்தியாயங்களில் அவசரமாக முடித்தார்கள் என்பதில் அவர்களுக்கு இன்னும் ஆத்திரம். பிரேக்கிங் பேட் 62 அத்தியாயங்களில் நின்றது. அதை நான் முழுதாகப் பார்த்தேன். இழுத்திருந்தால் இன்னும் இரண்டு பருவம் ஓடியிருக்கும், இழுக்கவில்லை.

எங்கள் தொடர்களுக்கு வருகிறேன். கோலங்கள் 2003இல் தொடங்கி 2009 வரை, 1500 அத்தியாயங்களுக்கும் மேல் ஓடியது. அம்மம்மா அதில் ஒன்றையும் தவறவிடவில்லை என்று சொல்வார். பின்னர் வேறொரு தொடர், பெயர் வேண்டாம். அது முடியப்போகிறது என்று தெரிந்த நாளில், பின்னேரமே விளக்கேற்றி, ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, கனடாவிலிருந்து சித்தி எடுத்த அழைப்பைக்கூட “நாளைக்கு எடு பிள்ளை” என்று வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார். ஐந்து வருடமாக மருமகள்களை வதைத்தவர் ஒரே வசனத்தில் மனம் திருந்தினார். எல்லாரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். வணக்கம் என்று எழுத்து வந்தது. அம்மம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தச் சின்னப் பெண் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாளே, அவள் என்ன ஆனாள்?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தத் தொடருக்கு இரண்டாம் பாகம் வந்தது. அதற்குள் அம்மம்மா போய்விட்டார்.

ஆகவே என் வேண்டுகோளை நேராகவே வைக்கிறேன். கதை இரண்டு பாகம் என்றால், விளம்பரத்திலேயே முதல் பாகம் என்று பெரிதாக அச்சிடுங்கள், உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு தெரியவைக்காதீர்கள். அடுத்த பாகம் கையில் இருந்தால் நாளைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இருக்கும் படத்தை முழுமையாக முடியுங்கள். தொடர் எடுப்பவர்களே, நிறுத்த முடிவானதும் எழுதுபவருக்குக் குறைந்தது ஒரு மாத அத்தியாயங்களையாவது கொடுங்கள். அப்பாவைத் தேடும் சிறுமிகளை நடுத்தெருவில் விட்டுவிடாதீர்கள்.

கைதி இரண்டாம் பாகம் வெளியாகும் நாளில் மச்சானின் மகனோடு முதல் காட்சிக்கு வருவேன். அவனுக்கு இப்போது என்னைவிட உயரம். டிக்கெட் அவன்தான் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு ரசிகன்