மேல் மாடி அண்ணனுக்கும் கூட நின்ன எல்லாருக்கும் நன்றிங்க

போன வாரம் எங்க டீம் என்ன பாடு பட்டுச்சுன்னு இதப் படிக்கற முக்காவாசிப் பேருக்குத் தெரியும், தெரியாதவங்களுக்கு ஒரு வரி: திருப்பூர் மெஷின்ல எங்க ப்ரோக்ராம் சரியா ஓடல, ஏன்னு எங்களுக்குப் புரியல. முழுக்கதைய மறுபடி சொல்லலீங்க. திருப்பூர்ல மெஷினெல்லாம் ஓடுது, காலைல கஸ்டமரே போன் பண்ணி நல்லாப் போகுதுங்கன்னு சொன்னாரு. இன்னும் படபடப்பு அடங்கல, அதோடயே எழுதறேன்.

மொத நன்றி மேல் மாடி கம்பெனில வேல பாக்கற அண்ணனுக்கு. பேரு போட வேண்டாம்னுட்டாரு. அதுவரைக்கும் லிஃப்ட்ல பாத்தா தலையாட்டறதோட சரி. அன்னிக்கு ராத்திரி பீளமேட்ல பேக்கரி வாசல்ல டீயக் கையில வெச்சுட்டு குடிக்காம நின்னுட்டிருந்தேன், ஏனுங்க தம்பி ஒடம்புக்கு ஏதாச்சுமான்னு கேட்டாரு, சொன்னேன், உக்கடம் போயி பொள்ளாச்சி பஸ் புடிக்கக் கெளம்பினவரு பைய எறக்கி வெச்சுட்டு லேப்டாப்பத் தொறங்கன்னுட்டாரு.

சோர்ஸ் கோடு எதையும் கேக்கல. எங்க ஷேர்டு லைப்ரரி (ப்ரோக்ராம் ஓடறப்ப வந்து சேந்துக்கற ஃபைல்) மேல, அது வெளிய காட்டற பேரெல்லாம் லிஸ்ட் போடற என்எம் மைனஸ் டி (nm -D) கமாண்ட மட்டும் ஓட்டச் சொன்னாரு. நாங்க வெளிய குடுக்க நெனச்சது ஏழெட்டு ஃபங்ஷன், ஸ்கிரீன்ல பேரு ஓடிட்டே இருக்குது, எல்லாம் நாங்க வெளிய வாங்கி அதுக்குள்ளயே சேத்துக் கட்டின ஸ்டேட்டிக் லைப்ரரியோட உள்பேருங்க. அதுல சிஆர்சி32ங்கற (டேட்டா கெடாம இருக்குதான்னு பாக்கற ஃபங்ஷன்) பேரு மேல வெரல வெச்சு, ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைல சின்னச்சாமின்னு கூப்ட்டா யாரு தம்பி திரும்புவாங்கன்னாரு. லினக்ஸ்ல, ப்ரோக்ராமையும் லைப்ரரியையும் மெமரில ஏத்தி இணைக்கற லோடரும் அப்படித்தாங்க, ஒரே பேரு ரெண்டு எடத்துல வெளிய தெரிஞ்சா தேடற வரிசைல மொதல்ல கெடைக்கறதுக்கே எல்லாத்தையும் கட்டி விட்டுரும். மெயின் ப்ரோக்ராமோட வர்ற இசட்லிப்லயும் (டேட்டாவச் சுருக்கற லைப்ரரி) அதே பேரு, ஆனா அது வாங்கற ஆர்குமென்ட் (உள்ள குடுக்கற மதிப்புங்க) வேற. லோடர் எந்தப் பேர எங்க கட்டுதுன்னு காட்டற எல்டி டீபக்ல (LD_DEBUG) பைண்டிங்ஸ் போட்டு, நாங்க கூப்பிடற ஃபங்ஷன் எங்க போய்ச் சேருதுன்னு கண்ணாலயே காட்டிட்டாரு.

பேருங்கள வெளிய தெரியாம மறைக்கற விசிபிலிட்டி ஹிட்டன் ஃபிளாக் 2005லயே ஜிசிசி 4.0 கம்பைலர்ல வந்தது, நாங்களும் போட்டுத்தான் இருந்தோம், ஆனா அது நாம கம்பைல் பண்ற கோடுக்குத்தான், ஏற்கெனவே கம்பைல் ஆகி வந்த ஸ்டேட்டிக் லைப்ரரியத் தொடாது. அத, கம்பைல் ஆன துண்டெல்லாம் ஒண்ணாச் சேக்கற லிங்கர்கிட்டத்தான் சொல்லோணும். வெர்ஷன் ஸ்கிரிப்ட்னு ஒரு சின்ன ஃபைல், குளோபல்ல நாம குடுக்கற பேருங்க, லோக்கல்ல ஒரு நட்சத்திரம் (மீதி எல்லாம் உள்ளயேன்னு அர்த்தம்), அவ்வளவுதான். விண்டோஸ்ல டிஎல்எல் (அங்கத்த ஷேர்டு லைப்ரரி) பண்ணிப் பழகினவங்களுக்கு இது புதுசா இருக்கும், அங்க நாம சொன்னாத்தான் ஒரு பேரு வெளிய போகும், இங்க சொல்லாட்டி எல்லாமே போகும்.

அந்த ஃபைல அவரே ரெண்டு நிமிஷத்துல அடிச்சுக் குடுத்துட்டு பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். என்னைய அடிக்க விட்டாரு, பக்கத்துலயே இருந்தாரு, மறுபடி என்எம் ஓட்டி ஏழெட்டு பேரு மட்டும் வர்ற வரைக்கும் எந்திரிக்கல. கடைசி பஸ்ஸும் போயிருச்சு. அதப்பத்தி ஒரு வார்த்த சொல்லல மனுசன்.

டெஸ்டிங் அக்காவுக்கும், திருப்பூர்ல விடிய விடிய மெஷின்கிட்ட உக்காந்து லாக் அனுப்பிட்டே இருந்த ஆபரேட்டர் அண்ணனுங்களுக்கும், பாதி ஷட்டர் எறக்கியும் எங்கள எழுப்பாத பேக்கரிக்காரருக்கும், ஊட்ல ஒரு கேள்வி கேக்காத அம்மாவுக்கும் நன்றி நன்றி.

காலேஜ்ல நாலு வருசத்துல லிங்கரப் பத்தி எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு பக்கம் இருக்குமா தெரியல, ஆனா பொழப்பே அதுல நிக்குதுங்க. இனி எங்க ஒவ்வொரு பில்டுலயும் வெளிய போற பேரெல்லாம் ஒரு லிஸ்ட்டோட ஒத்துப் பாக்கும், புதுசா ஒண்ணு எட்டிப் பாத்தாலும் பில்டு நின்னுரும், நேத்தே போட்டாச்சு. கோயமுத்தூரு, ஈரோடு, திருப்பூர் பக்கம் யாராச்சும் இதுல மாட்டிக்கிட்டா ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடுங்க, நேர்ல வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்.