'கிட்டத்தட்ட டாக்டர்' என்று ஒரு வேலை கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகளை ஒட்டித் தாங்கள் வெளியிட்ட படிப்பு வழிகாட்டி இணைப்பில், "நீட்டில் மார்க் குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம், நர்சிங்கோ பிசிசியன் அசிஸ்டென்ட்டோ படித்தால் கிட்டத்தட்ட டாக்டர்தான்" என்று ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. எழுதியவர் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் டாக்டராகப் பதியாமல் டாக்டர் வேலை பார்ப்பவருக்கு 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்பது தாங்கள் அறியாததல்ல. அப்படிப் பிடிபட்டவர்களின் படத்தைத் தங்கள் மாவட்டப் பக்கத்திலேயே அவ்வப்போது பார்க்கிறோம். இந்த வருஷம் அதற்குப் புதிதாக ஆள் சேர்க்கிறீர்களோ என்று நினைக்க வேண்டியிருக்கிறது.

கட்டுரைக்குக் கீழே ஓர் அட்டவணை. படிப்பு, வருஷம், சம்பளம் என்று மூன்றே கட்டம். ஆஸ்பத்திரிக்குள் வேலை பார்க்கிற எவரும் முதலில் கேட்பது இந்த மூன்றும் அல்ல. யார் உத்தரவு எழுதலாம், தப்பு நடந்தால் யார் பதில் சொல்லணும், பெயர் எந்தக் கவுன்சிலில் பதிவாகும், இவைதான். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம். அதன் பிறகே மெடிக்கல் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு எண். ஸ்பெஷலிஸ்ட் ஆக மேலே மூன்று வருஷம், இருதயம், நரம்பு என்று போனால் இன்னும் மூன்று. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், டிப்ளமோ நர்சிங் மூன்று. இரண்டுக்கும் தமிழ்நாடு நர்சுகள், மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு. அந்தச் சட்டம் 1926ஆம் வருஷத்தது. டாக்டருக்குத் துணையாக வேலை பார்க்கிற பிசிசியன் அசிஸ்டென்ட் (சுருக்கமாக பி.ஏ.) படிப்பு மூன்று வருஷமும் ஒரு வருஷப் பயிற்சியும். டாக்டர் கே.எம். செரியன் 1992இல் சென்னையில் இருதய அறுவை சிகிச்சைக்காகத் தொடங்கி வைத்த துறை அது. துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021இல் வந்த மத்தியச் சட்டத்தின் பட்டியலில்தான் அதற்கு முறையான இடம் கிடைத்தது. மருந்துச் சீட்டு தானாக எழுதும் உரிமை இந்தியாவில் பி.ஏ.வுக்குக் கிடையாது. மூன்றுக்கும் மூன்று வேலை. ஒன்று கிடைக்காதவர் அடுத்த படியில் உட்கார்ந்துகொள்ள இது ஏணி அல்ல.

வேலை எப்படிப் பிரிகிறது என்று தங்கள் நிருபர் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயக்காட்டிலிருந்து வருகிற ஒரு பாம்புக்கடி கேஸைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். வந்ததும் நர்ஸ் புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடி டியூப்பில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிஷம் வைக்கணும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்கணும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கழுவி வைத்த டியூப்பில் சோப்பு ஒட்டியிருந்தாலோ பிளாஸ்டிக் டியூப்பில் எடுத்தாலோ நல்ல ரத்தமும் உறையாது; தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறிவிடும். ரத்தத்தை விட்டு நரம்பைத் தாக்குகிற கட்டுவிரியன் விஷத்தை இந்தச் சோதனை காட்டிக் கொடுக்காது. இமை சொருகுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, மூச்சு குறைகிறதா என்று பக்கத்தில் நிற்கிறவர்தான் கண்டுபிடிக்கணும். விஷமுறிவு மருந்துத் தூளை 10 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் கலக்கும்போது குலுக்கினால் நுரை கட்டும். கையில் வைத்து மெதுவாகச் சுழற்றணும். ஏற்ற ஆரம்பித்த முதல் 15 நிமிஷம் அரிப்பு, தடிப்பு, குளிர்நடுக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கணும். வந்தால் உடனே டிரிப்ஸை நிறுத்தி, தயாராக எடுத்து வைத்த அட்ரினலின் அரை மில்லியைத் தசையில் போட்டாகணும். அந்த நேரத்தில் டாக்டர் அடுத்த கேஸில் இருப்பார்.

அதற்காக நர்ஸே போதும் என்று சொல்லவில்லை. எத்தனை குப்பி, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி வேண்டுமா, தொண்டையில் டியூப் போடுவதா, ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி) அனுப்புவதா, ஊர்க்காரர்கள் இறுக்கிக் கட்டிய கயிற்றை எப்போது அவிழ்ப்பது என்று முடிவெடுப்பது டாக்டர். படக்கென்று அவிழ்த்தால் தேங்கின விஷம் ஒரேயடியாக ஏறிவிடும். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடுவதும் அவர்தான். பிறகு சம்மன் வந்தால் கூண்டில் ஏறுவதும் அவர்தான். அந்தக் கையெழுத்துக்குத்தான் அத்தனை வருஷப் படிப்பு.

பி.ஏ.வின் அருமை இன்னோர் இடத்தில் தெரியும். பைபாஸ் ஆபரேஷனில் சர்ஜன் நெஞ்சைத் திறக்கிற நேரத்திலேயே பி.ஏ. காலின் உள்பக்கச் சிரையை எடுப்பார். ஒவ்வொரு கிளையையும் கட்டிக் கட்டி வரணும். இழுத்துப் பிடித்தால் உள்சுவர் கெட்டு, இதயத்தில் தைத்த பிறகு அடைத்துக்கொள்ளும். சிரைக்குள் வால்வு இருப்பதால் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க முடியும். கணுக்கால் முனை எது என்று அடையாளம் வைத்துக் கொடுப்பது எடுத்தவர் பொறுப்பு. இதைச் சுத்தமாகச் செய்கிற பி.ஏ.வைச் சர்ஜன்கள் லேசில் விடமாட்டார்கள். அவரையே ராத்திரி ஐ.சி.யூ.வில் டூட்டி டாக்டர் இடத்தில் நிறுத்தி, நோயாளி வீட்டார் "டாக்டர்" என்று கூப்பிடும்போது பேசாமல் இருக்கிற நிர்வாகங்களும் உண்டு. டூட்டி டாக்டர் சம்பளம் மிச்சம். விவகாரமானால் மாட்டுவது பி.ஏ. தங்கள் வாக்கியம் இந்த ஏற்பாட்டுக்குத்தான் சந்தனம் பூசுகிறது.

எழுத உட்கார்ந்த பிறகு பழசும் வருகிறது, மன்னிக்கணும். நர்சுகள் தினமான மே 12ஆம் தேதி ஒவ்வொரு வருஷமும் மெழுகுவர்த்தி ஏந்திய நர்சுகள் படம் தங்கள் பத்திரிகையில் வருகிறது. மற்ற நாளெல்லாம் 'நர்ஸ் அலட்சியம்' என்ற தலைப்பு. ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது விதி. சம்பவம் நடந்த ராத்திரி ஒருவர் எத்தனை பேரைப் பார்த்தார் என்று எந்தச் செய்தியிலாவது கேட்டீர்களா? உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016இலேயே கணக்குக் கொடுத்துவிட்டது. 200 படுக்கைக்கு மேலே இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி அரசு நர்சுக்குச் சமமாகச் சம்பளம் தரணும், 50 படுக்கைக்குக் குறைந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. தங்கள் அட்டவணையின் சம்பளக் கட்டத்தில் இருப்பது இந்தக் கணக்கா, கல்லூரி விளம்பரத்துக் கணக்கா? ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்டால் பணம் கட்டு என்கிற பழக்கம் நெல்லையிலும் தென்காசியிலும் ஊருக்கே தெரியும். அதைப் பற்றி இதுவரை ஒரு பத்தி வரவில்லை.

வெளிநாடு என்று இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நர்சுக்கு வழி தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவுக்கு என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற உரிமத் தேர்வு; பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வும், அதோடு கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும்; ஜெர்மனிக்கு பி2 அளவு ஜெர்மன். இங்கே கவுன்சில் பதிவு சரியாக இருந்தால்தான் இதெல்லாம் நகரும். பி.ஏ.வுக்கு அப்படி இல்லை. அமெரிக்காவில் பி.ஏ. உரிமத் தேர்வு எழுத அந்த நாட்டு அங்கீகாரம் பெற்ற படிப்பையே முடித்திருக்கணும். இங்கே வாங்கிய பி.எஸ்சி.யை வைத்து உட்கார முடியாது. அங்கே பி.ஏ. மருந்து எழுதலாம் என்பது உண்மை. அதைக் காட்டி இங்கே சீட்டு விற்கிறார்கள். அந்த விளம்பரம் தங்கள் கட்டுரைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு இருக்கிறது.

"எம் புள்ளைக்கு மெடிக்கல் கெடைக்கல, அதான் நர்சிங்ல போட்டிருக்கேன்" என்று பீடி சுற்றுகிற தட்டோடு உட்கார்ந்து சொல்கிற தாய்மாரை முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பார்க்கலாம். தோற்றதாக நினைத்துக்கொண்டே முதல் வருஷம் வருகிற பிள்ளைகளை நிமிர்த்தவே எங்களுக்கு ஒரு வருஷம் போய்விடுகிறது. நர்சிங்கிலேயே மேலே எம்.எஸ்சி. இருக்கிறது, தீவிர சிகிச்சைக்கான இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறது, அரசுப் பணிக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. வாரியம் இருக்கிறது. இவை ஒன்றுகூடத் தங்கள் கட்டுரையில் இல்லை.

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. அடுத்த வார இணைப்பில் அதே அட்டவணையை 'பதிவு எங்கே', 'தானாக மருந்து எழுதலாமா' என்ற இரண்டு கட்டம் சேர்த்து மறுபடி போடுங்கள். கீழே மூன்று வரி: சேருமுன் கல்லூரியின் பெயர் பல்கலைக்கழக இணைப்புப் பட்டியலிலும், நர்சிங் என்றால் கவுன்சில் பட்டியலிலும் அந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள், செய்முறைப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை படுக்கை என்று கேளுங்கள், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இடம் போதவில்லை என்றால் எதிர்ப்பக்கத்து விளம்பரத்தில் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
பாளையங்கோட்டை