குளக்கரையின் மூன்று வாசல்களுக்கும் நன்றி

களியக்காவிளை எல்லையோரம் கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றின் கழிவும் வடிவது ஒரே குளத்தில்தான். அதைத் தடுக்கக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல். பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்பதால் அளவுகளையும் எழுதுகிறோம்.

முதல் நன்றி ஜமாஅத்தாருக்கு. குழாய்களை மாற்றும் முன்பே இமாம் ஜும்ஆ உரையில் ஒரு நபிமொழியை எடுத்துச் சொன்னார்: நபிகள் ஒளுவுக்கு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவ) செலவிட்டது ஒரு ‘முத்து’ தண்ணீர். ஏறக்குறைய இரு கை கொள்ளும் அளவு. பாதி வேலை அதிலேயே முடிந்தது. ஒளு செய்து வடியும் நீருக்கு வெட்டிய குழி 1 மீட்டர் நீள அகலம், 1.5 மீட்டர் ஆழம். அடியில் 60 செ.மீ. கருங்கல், அதன்மேல் 30 செ.மீ. மரக்கரி, பிறகு 30 செ.மீ. மணல், மேலே கொஞ்சம் காலியிடம். எம்-சாண்டை அலசாமல் கொட்டியதால் கல்தூள் படிந்து தண்ணீர் இறங்கவில்லை. எல்லாவற்றையும் வாரி, அலசி, கரிக்கும் மணலுக்கும் நடுவே கொசுவலை விரித்துத் தந்த கொத்தனாருக்குக் கூலி மட்டும் போதாது. குளியலறைச் சோப்புத் தண்ணீரை இதில் விடாதீர்கள். வழுக்குப் படிந்து அடைத்துக்கொள்ளும். வெளியேறும் நீரில் சேம்பும் கல்வாழையும் நிற்கின்றன.

கோயில் போற்றிக்கு (பூசாரிக்கு): மாலைகளை வாழைநாரில் கட்டச் சொன்னதற்கு. வாடிய பூக்களை உரமாக்குகிறோம். நைலான் நூல் ஒன்று கிடந்தாலும் உரத்தைச் சலிக்க முடியாது. இரண்டு பங்கு பூவுக்கு ஒரு பங்கு சருகு, மேலே சாணிக்கரைசல். நாறினால் ஈரம் கூடியிருக்கிறது, தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) தூவுங்கள். குங்குமமும் எண்ணெயும் சேரக்கூடாது. சருகுக்கு நாகர் காவில் (நாகங்களுக்கென விட்ட புனிதத் தோப்பில்) கைவைக்கவில்லை, அங்கே சுள்ளிகூட எடுக்கக்கூடாதே! ரப்பர் தோட்டத்துக்காரர் சாக்குச் சாக்காக அனுப்பினார்.

பங்குத்தந்தைக்கு: சுற்றுச்சூழல் பற்றிய போப் பிரான்சிஸின் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலை அன்பியக் (பங்கின் சிறு குடும்பக் குழுக்கள்) கூட்டங்களில் வாசிக்க வைத்ததற்கும், திருவிழா ஃபிளெக்ஸைத் துணிக்கு மாற்றியதற்கும். குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு தென்னையில் ஒரு குருத்து போதும். கத்தி மொட்டில் பட்டால் மரமே போய்விடும். பழைய ஓலையை எரித்துத் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு, அதில் நாங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை.

காகித டம்ளரின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, மட்காது. அதனால் 200 ஸ்டீல் டம்ளரை வாடகையின்றித் தந்த பந்தல்காரருக்கும் நன்றி. அதில் 11 இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் மூன்றில் எந்த வாசலிலும் வைத்துவிடலாம்.

— குளக்கரைக் கூட்டுக் குழுவினர்