கீறலை விட்டுவையுங்கள்: பழைய படங்களை மீட்டெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய படச்சுருள்களை மீட்டெடுத்து மறுபடியும் திரையரங்குக்கு அனுப்பிவைக்கும் காப்பகத்தாருக்கும் ஆய்வகத்தாருக்கும்,

வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். சண்டை பிறகு.

நன்றி 'மெட்ரோபோலிஸ்' படத்துக்காக. 1927 ஜனவரி 10 அன்று ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் அந்த மௌன அறிவியல் புனைகதைப் படம் பெர்லினில் முதன்முதலாகத் திரைக்கு வந்தபோது அதன் நீளம் 4,189 மீட்டர். ஓடியது இரண்டரை மணி நேரம். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ கால் பங்கை வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் போன இடம் தெரியாமல் எண்பது ஆண்டுகள் கழிந்தன. 2008-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரின் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 எம்எம் நெகட்டிவ் அகப்பட்டது. 2010-ல் உங்கள் கைப்பட்டு ஏறத்தாழ முழுமையாகவே பழைய உருவம் திரும்பிவிட்ட படத்தை நான் ஒரு திரையரங்கில் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தில் மழை பிடித்துக்கொண்டது. அதுவரை கண்ணாடி போலத் துலங்கிய காட்சிகள் முடிந்து, மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கும் கீறல்களுக்குப் பின்னால் மனிதர்கள் நடமாடினார்கள். படத்தின் அளவும் சற்றுக் குறுகி, ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தன் துணைவியிடம், "படம் கெட்டுப்போய்விட்டதோ?" என்று கிசுகிசுத்தார். கெட்டுப்போகவில்லை ஐயா, கிடைத்துவிட்டது என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. இருட்டில் அந்நியரிடம் பிரசங்கம் செய்யும் துணிவு எனக்கில்லை.

அந்தக் கீறல்களின் கதை உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1928-ல் அர்ஜென்டினாவுக்குப் போன முழுப் பிரதி ஒன்று கைமாறிக் கைமாறி, ஓடி ஓடித் தேய்ந்தது. தீப்பற்றும் நைட்ரேட் சுருள் ஆபத்தானது என்று பின்னாளில் அதைச் சிறிய 16 எம்எம் சுருளில் படியெடுத்தார்கள். தேய்மானத்தோடு சேர்த்தே படியெடுத்தார்கள். அதனால் கீறலும் படமாகவே பதிந்துவிட்டது. எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. அந்நாட்டுத் திரைப்பட ஆர்வலர் ஃபெர்னாண்டோ பெஞ்ஞாவுக்குச் சந்தேகம் வந்த விதம் இன்னும் சுவையானது. ஒரு திரைப்படச் சங்கத்துக்காரர், தாம் இந்தப் படத்தைத் திரையிட்ட நாளில் சுருள் துள்ளாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் விரலால் அழுத்திக்கொண்டு நிற்க நேர்ந்ததாக அலுத்துக்கொண்டாராம். இரண்டு மணி நேரத்துக்கு மேலா? உலகம் அறிந்த வடிவம் அவ்வளவு நீளம் இல்லையே என்று பெஞ்ஞா யோசித்தார். ஒருவரின் விரல் வலியிலிருந்து சினிமா வரலாறு திருந்தியது.

கிடைத்தவை வெறும் ஒட்டுத் துண்டுகளும் அல்ல. ஹெல் என்ற பெண்ணின் நினைவுச் சிலை முன்னால் விஞ்ஞானி ரோட்வாங்கும் நகரத்தின் அதிபதியும் நிற்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் நேசித்தவள் அவள். அதிபதியை மணந்து, மகனைப் பெற்றதும் இறந்துபோனவள். இந்தக் காட்சி இல்லாதவரை ரோட்வாங் கண்களை உருட்டும் ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி மட்டுமே. காட்சி திரும்பியதும் அவன் செய்யும் இயந்திரப் பெண்ணுக்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது, இழந்தவளைத் திரும்பக் கொண்டுவரத் துடிக்கும் துயரம் வந்துவிடுகிறது. எந்தக் காட்சி எங்கே பொருந்தும் என்று காட்டிக்கொடுத்தது படத்துக்கு இசையமைத்த காட்ஃப்ரீட் ஹுப்பெர்ட்ஸின் இசைப்பிரதி. அதில் காட்சியைச் சுட்டும் குறிப்புகள் மட்டும் 1,028. அப்படியும் தேறாத இடங்கள் உண்டு. தேவாலயத்தில் துறவி பிரசங்கம் செய்யும் காட்சி இல்லை. ரோட்வாங்கும் அதிபதியும் கைகலக்கும் காட்சி இல்லை. அந்த இடங்களில் என்ன நடந்தது என்று எழுத்தில் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தீர்கள். அதற்காக உங்களுக்கு ஒரு கும்பிடு.

இனிச் சண்டை.

அண்மையில் மீட்டெடுக்கப்பட்ட இன்னொரு அறிவியல் புனைகதைப் படத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். சுவரொட்டியில் 4கே என்று கொட்டை எழுத்து. திரையில் வந்தவர்கள் மெழுகுப் பொம்மைகள். நாயகனின் கன்னத்தில் ஒரு மயிர்த்துளை இல்லை. விண்கலத்தின் உலோகம் நேற்று வாங்கிய பிளாஸ்டிக் வாளிபோல வழுவழுத்தது. படச்சுருளில் இயல்பாகவே இருக்கும் மணித்துகளை அழுக்கு என்று நினைத்து மென்பொருளிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தத் துகள்தான் படமே. வெள்ளி உப்பின் மேல் ஒளி பட்டு உருவம் பிறந்ததற்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதைச் சுரண்டினால் தோலும் சேர்ந்து வந்துவிடும்.

தானாக இயங்கும் தூசி நீக்கியின் குணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பிரேமில் இருந்து அடுத்த பிரேமில் இல்லாத வெள்ளைப் புள்ளி எதுவானாலும் அதற்குத் தூசிதான். தீப்பொறியும் அப்படித்தான் இருக்கும். மழைத்துளியும் அப்படித்தான். வேகமாக நகரும் விண்வெளிக் காட்சியில் நட்சத்திரமும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு மனிதக் கண் உட்கார்ந்திருக்காவிட்டால் வானமே துடைபட்டுப்போகும்.

எதையும் தொடாதே என்று நான் சொல்லவில்லை. 1953-ல் வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்தில் செவ்வாய்க் கலங்களைக் கம்பியில் தொங்கவிட்டுத்தான் படம் பிடித்தார்கள். அன்றைய டெக்னிகலர் பிரிண்டின் மென்மையில் கம்பிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. பிற்காலப் பிரதிகளின் கூர்மையில்தான் கண்ணைக் குத்தத் தொடங்கின. அவற்றை டிஜிட்டலில் நீக்கியபோது சிலர் முணுமுணுத்தார்கள். நான் நீக்கியவர்கள் பக்கம். முதல் நாள் பார்வையாளர் கண்டதை மீட்பது உங்கள் வேலை. அவர் காணாததைச் சேர்ப்பதும், அவர் கண்டதை அழிப்பதும் வேறு வேலை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. 1984-ல் இசையமைப்பாளர் ஜோர்ஜியோ மொரோடர் 'மெட்ரோபோலிஸ்' மேல் வண்ணம் பூசி, பாப் பாடல்கள் சேர்த்து வெளியிட்டார். உண்மையைச் சொன்னால் அதையும் ரசித்தேன். அது தன்னை மூலம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

புறநானூற்றைத் திறந்து பாருங்கள். 266-ஆம் பாட்டுக்குப் பிறகு நமக்குக் கிடைப்பது 269. நடுவில் இரண்டு பாட்டுகள் இல்லை. 1894-ல் அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு இரண்டு பாட்டுக் கட்டிச் செருகத் தமிழ் போதாதா? செல்லரித்த அடிகளில் புள்ளி வைத்தார். ஏட்டுப் பிரதிகள் எங்கெங்கிருந்து கிடைத்தன என்று முகவுரையில் எழுதினார். பாடபேதம் காட்டினார். அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுதப்பட்டிருப்பதைக் கூடுதலாக நம்புகிறேன். உங்கள் கறுப்புப் பட்டையும் எனக்கு அந்தப் புள்ளிதான்.

ஆகவே நான் கேட்பது ஒரு முகவுரை. படம் தொடங்கும் முன் இருபது வினாடிக்கு ஓர் அட்டை போதும். எந்த நெகட்டிவிலிருந்து எடுத்தது, எந்தப் பகுதி வேறு பிரதியிலிருந்து வந்தது, எதை நீக்கினீர்கள், எதைப் புதிதாகச் செய்தீர்கள். உங்களில் சிலர் முன்பே இப்படி நடந்திருக்கிறீர்கள். பிரெஞ்சு இயக்குநர் மெலியேஸின் 1902-ஆம் ஆண்டு நிலவுப் பயணப் படத்தின் கையால் வண்ணமிட்ட பிரதி கல்போல் இறுகிக் கிடந்ததையும், 13,375 பிரேம்களைச் சேர்த்து 2011-ல் அதை ஓடவைத்ததையும், கிடைக்காத பிரேம்களைக் கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்து எடுத்து வண்ணமேற்றியதையும் வெளிப்படையாகச் சொன்னீர்கள். சொன்னதால் யாரும் எழுந்து போகவில்லை. 2018-ல் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் 70 எம்எம் பிரிண்டை டிஜிட்டல் தொடாமல் வெளியிட்டபோது, 'மீட்டெடுக்கப்படாதது' என்பதையே விளம்பரமாக்கினார்கள், அதற்கும் கூட்டம் வந்தது.

விளம்பரப் பிரிவினர் தடுப்பார்கள் என்று தெரியும். 'புத்தம் புதியது போல' என்ற வரி இல்லாவிட்டால் டிக்கெட் விற்காது என்பார்கள். அவர்களை அந்தப் பக்கத்து இருக்கைக்காரரிடம் அழைத்துப்போக ஆசை. ஹெல் சிலைக் காட்சியில் கீறல்கள் அடைமழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. அவர் அதற்குள் முன்னால் சாய்ந்து, முழங்கால் மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் அடுத்த படத்துக்கும் வருவேன். விளக்கு அணைந்ததும் அந்த அட்டை வருகிறதா என்று பார்ப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் உட்காரும் ஒரு பார்வையாளர்